பரணிலிருந்து இறங்கிய பதிமூணு கண் பாலம்

எங்கள் மாமா தென்காசியில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அம்மாவுக்கு மூத்தவர். பகலெல்லாம் கண்ணில் ஐகிளாஸை மாட்டிக்கொண்டு ஹெச்எம்டியும் ஃபேவர் லூபாவும் பார்ப்பார். ராத்திரி கடையைச் சாத்திவிட்டு வந்து, சாப்பிட்ட கையோடு மாடிக்குப் போய்விடுவார். அங்கே ஒரு ரயில் பாதை கட்டிக்கொண்டிருந்தார். செங்கோட்டையிலிருந்து மலையேறிப் புனலூருக்குப் போகிற பாதையில், ஆரியங்காவுக் குகையிலிருந்து தென்மலை வரை உள்ள துண்டு அது. குகை, வளைவுகள், கழுதுருட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற பதிமூணு கண் பாலம், தேக்கு மரங்கள், எல்லாமே எட்டடிக்கு நாலடி பிளைவுட்டுக்குள்.

1983-ல் ஆரம்பித்தார், 1990-ல் முடித்தார். சின்ன வயதில் முழுப்பரீட்சை லீவுக்குப் போனால் நான் அந்த மாடியை விட்டு இறங்கவே மாட்டேன். பேட்டரி வாட்ச் வந்து சாவி கொடுக்கிற வாட்ச் குறைந்தபோது கடைக்கு ஆள் வருவதும் குறைந்தது. 1997-ல் கடையை மூடினார். மாடி வீட்டையும் விட்டுவிட்டு அத்தையோடு சின்ன வீட்டுக்கு மாறினார். பாதையை இரண்டு பாதியாகக் கழற்றி, தார்பாயில் சுற்றி, எங்கள் வீட்டுப் பரணில் ஏற்றினார்கள். அங்கேயே 26 வருஷம் கிடந்தது.

அந்த 26 வருஷத்தில் நிஜப் பாதையே மாறிப்போனது. கொல்லம் – செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதை 1904-ல் திறந்தது. மலைப்பகுதியில் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவே 2010 செப்டம்பரில் ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். அகலப்பாதையாகி முழுதாகத் திறந்தது 2018-ல். இப்போது அங்கே ரயில் ஓடுகிறது, பாலமும் இருக்கிறது. ஆனால் அந்த மீட்டர் கேஜ், முன்னால் ஒரு இன்ஜின் இழுக்கப் பின்னால் ஒரு இன்ஜின் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்கி ஏறிய அந்தச் சின்ன ரயில், இனி வராது. மாமா கட்டிய பலகையில் மட்டும்தான் அது இருக்கிறது. 2023-ல் வீட்டுக் கூரை வேலைக்காகப் பரணைக் காலி பண்ணியபோதுதான் இது எனக்கு உறைத்தது.

அதைச் சரிசெய்ய எனக்கு 14 மாதம் ஆனது. அந்த வேலையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. எலக்ட்ரானிக்ஸ் படித்து, பாலிடெக்னிக் லேபில் வேலை பார்க்கிறவள் நான். அதனால் வயர் பக்கம் பயமில்லை. மற்றதெல்லாம் மாமாவிடம் கேட்டுக் கேட்டுச் செய்தது.

முதல் நாள்

இரண்டு பாதியையும் கூடத்தில் இறக்கித் தார்பாயைப் பிரித்ததும், பழைய பவர் பெட்டியைத்தான் முதலில் தேடினேன். ஓடுகிறதா என்று பார்க்கிற ஆசை. மாமா ஆட்டோவில் வந்து இறங்கியவர் வாசலில் இருந்தே சத்தம் போட்டார்: “ஏட்டி, பிளக்கை மட்டும் சொருவிராத!”

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது பெட்டியைத் திறந்ததும் தெரிந்தது. மெயின் வயரின் ரப்பர் உறை விரல் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே செம்புக்கம்பி வெறுமனே நின்றது. 230 வோல்ட் வருகிற கம்பி, தகரப் பெட்டிக்கு ஒரு நூல் தள்ளி. அன்றைக்குச் சொருகியிருந்தால் பெட்டியைத் தொட்ட கைக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. பழைய பெட்டிகளில் இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்தில் ஏசியை டிசியாக்க செலினியம் தகடு வைத்த ரெக்டிஃபையர் போடுவார்கள். அது கருகினால் வருகிற புகை நாற்றம் மட்டுமில்லை, விஷமும்கூட.

அதனால் முதல் ஒரு வாரம் எதையும் ஓட்டவில்லை, எதையும் துடைக்கவில்லை. போட்டோ எடுத்தேன். ஒவ்வொரு வயரும் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று நோட்டில் வரைந்தேன். எது உடைந்திருக்கிறது, எது வளைந்திருக்கிறது, எதைப் பூச்சி தின்றிருக்கிறது என்று பட்டியல் போட்டேன். மொத்தம் 61 விஷயம் தேறியது.

பட்டியலை மாமாவிடம் படித்துக் காட்டினேன். கடைசியில், “எல்லாத்தையும் புதுசாப் பெயின்ட் அடிச்சிரலாமா மாமா? மலையெல்லாம் மங்கிப்போச்சே” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்.

“டயலைத் தொடாதட்டி. மெசினைப் பாரு.”

வாட்ச் கடைக்காரர்களுக்கு இது பாலபாடம். பழைய வாட்ச் வந்தால் மெஷினைப் பிரித்துக் கழுவலாம், எண்ணெய் வைக்கலாம், தேய்ந்த பல்சக்கரத்தை மாற்றலாம். டயல் மஞ்சளாகியிருந்தாலும், எழுத்து லேசாக அழிந்திருந்தாலும், அதைப் புதிதாக அச்சடித்துவிட்டால் அந்த வாட்சின் மதிப்பே போய்விடும். நேரத்தைக் காட்டுவது மெஷின். இன்ன வாட்ச் என்று சொல்வது டயல். 61 விஷயத்திலும் இது மெஷினா, டயலா என்று பார்ப்பதுதான் இந்த வேலையே என்று அன்றைக்குப் புரிந்தது.

ஒன்பது மில்லிமீட்டர் கணக்கு

ஆரம்பத்தில் மாமாவிடம் இருந்த சாமானெல்லாம் அவருடைய நண்பர் ஒருவர் கப்பலில் வேலை பார்த்து, போகிற துறைமுகங்களில் வாங்கி வந்தவை. ‘என்’ கேஜ் என்று சொல்வார்கள். தண்டவாளத்தின் உள் இடைவெளி 9 மில்லிமீட்டர். ஆங்கிலத்தில் நைன், ஜெர்மனில் நொய்ன், இரண்டுக்கும் முதலெழுத்து ‘என்’; பெயர் வந்தது அப்படித்தான். 1960-களின் தொடக்கத்தில் நூரம்பெர்க்கின் ஆர்னால்டு கம்பெனி இதைப் பரப்பியது. 1965-ல் ஜப்பானில் காட்டோ கம்பெனியும் இதைச் செய்ய ஆரம்பித்தது.

நூரம்பெர்க்கில் இந்த 9 மில்லிமீட்டர், ஐரோப்பாவின் 1,435 மில்லிமீட்டர் பாதையைக் குறிக்கும். அதனால் அங்கே எல்லாம் 160-ல் ஒரு பங்கு. மாமா அந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளவில்லை. நம் மீட்டர் கேஜ் 1,000 மில்லிமீட்டர். அதை 9-ஆல் வகுத்தால் 111. வசதிக்கு 110 என்று வைத்துக்கொண்டார். பாலம், ஸ்டேஷன், பெட்டி, மரம், பிளாட்பாரத்தில் நிற்கிற ஆள் எல்லாவற்றையும் 110-ல் ஒரு பங்காகக் கையாலேயே செய்தார். ஆள் ஒன்றரை சென்டிமீட்டர் உயரம். பாலம் மூன்றடிக்குக் கொஞ்சம் கூட.

இன்ஜினுக்கு ஒரு பொருத்தம் அமைந்தது. மலைப்பாதையில் ஓடிய ஒய்ஜி நீராவி இன்ஜினுக்கு முன்னால் இரண்டு சின்னச் சக்கரம், நடுவில் எட்டு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு. இந்த அமைப்புக்கு உலகம் முழுக்க மிகாடோ என்றுதான் பெயர். 1897-ல் அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனி ஜப்பானுக்கு இப்படிப்பட்ட இன்ஜின்களைச் செய்து அனுப்பியதால் வந்த பெயர். நண்பர் கொண்டுவந்த ஜப்பான் பொம்மை இன்ஜினும் மிகாடோதான். மாமா அதன் மேல்பாகத்தைக் கழற்றிவிட்டு, பித்தளைத் தகட்டை வெட்டி, ஒய்ஜியின் உடம்பை ஈயம் வைத்துப் பற்றவைத்தார். இழுக்க ஒன்று, தள்ள ஒன்று, ஆக இரண்டு இன்ஜின். பெட்டிகள் ஐந்தும் பால்பவுடர் டின் தகரம். ஜன்னல் கம்பிகளுக்கு எதைப் போட்டார் தெரியுமா? வாட்ச் வாருக்குப் போடுகிற ஸ்பிரிங் ஊசியின் உள்கம்பி.

கரண்ட் போகும் வழி

தண்டவாளம் ஜெர்மன் சில்வர். நம் வீட்டு பூஜைச் சாமானில் இருக்கிற அதே உலோகம்தான். பெயரில் சில்வர் இருந்தாலும் உள்ளே வெள்ளி கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். பித்தளைத் தண்டவாளமாக இருந்திருந்தால் 26 வருஷத்தில் மேலே படிந்த கறுப்பு கரண்டை விட்டிருக்காது. இதில் அந்தத் தொல்லை குறைவு. தூசியும் பழைய எண்ணெயும் சேர்ந்த கறைதான் இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. அது போடுகிற கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரம் அடையும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பழைய பனியன் துணியில் நனைத்துத் துடைத்தேன். முதல் நாள் துணி கரி மாதிரி வந்தது. நாலாவது நாள் வெள்ளையாக வந்தது.

புது பவர் சப்ளையில் 12 வோல்ட் கொடுத்து மீட்டர் வைத்துப் பார்த்தேன். தென்மலையில் 12. இன்ஜின் ஓடும்போது ஆரியங்காவில் 7.4. நடுவில் நாலரை வோல்ட் எங்கே போனது? இரண்டு தண்டவாளத்தைச் சேர்க்கிற ஃபிஷ்பிளேட்டுகளில்தான். ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் ஆக்சைடு, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் இழப்பு. அதனால் எந்தத் துண்டுக்கும் ஃபிஷ்பிளேட்டை நம்பவில்லை. 38 துண்டுக்கும் பலகைக்குக் கீழிருந்து தனித்தனியாக வயர் கொடுத்து, தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் பற்றவைத்தேன். மேலே நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. ஆரியங்காவில் இப்போது 11.7.

பவர் பெட்டியில்தான் எனக்கும் மாமாவுக்கும் நீண்ட பேச்சு நடந்தது. அதை அவர் தன் கையால் செய்திருந்தார். டிரான்ஸ்ஃபார்மரை ஊரிலேயே சுற்றி வாங்கி, வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழியை எருமைக் கொம்பில் கடைந்து போட்டிருந்தார். குமிழியைச் சுற்றி 0 முதல் 10 வரை எழுத்து, வாட்ச் டயல் மாதிரியே. கரண்ட் போகிறதால் இது மெஷின். மாமாவின் கைவேலை என்பதால் டயலும்கூட. நான் அதை அலமாரியில் வைத்துவிட்டுப் புதுப் பெட்டி வாங்கலாம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“கேஸ் இருக்கட்டும், மெசினை மாத்து. கடைல அதத்தான செஞ்சோம்?”

அப்படியே செய்தேன். பெட்டி, குமிழி, எழுத்து எல்லாம் பழசு. உள்ளே எர்த் இணைப்போடு புது சப்ளை, ஃபியூஸ், புது மெயின் வயர். கழற்றிய பழைய டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிப் போடப் போனேன். மாமா காக்கிக் கவர் ஒன்றை நீட்டினார். வாட்ச் கடையில் மாற்றிய பழைய பாகத்தைக் கவரில் போட்டு, தேதி எழுதி, வாட்சுக்காரர் கையில் கொடுத்துவிடுவார்கள். என்ன போச்சு, என்ன வந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அந்த வழக்கப்படி, இந்தப் பாதையில் நான் மாற்றிய ஒவ்வொன்றும் தேதியோடு கவரில் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் கவர் போதவில்லை, பிஸ்கட் டப்பாவில் போட்டேன்.

எண்ணெய் வைக்கிற பாடம்

இரண்டு இன்ஜினையும் பிரித்தோம். மாமாவுக்கு வயது 82. கண்புரை ஆபரேஷன் நடந்திருக்கிறது, கை நடுங்குகிறது. அதனால் கை என்னுடையது, சொல் அவருடையது. பல்சக்கரங்களில் இருந்த எண்ணெய் காய்ந்து தேன்மெழுகு மாதிரி இறுகியிருந்தது. வாட்ச் என்றால் பெட்ரோலில் கழுவுவார்கள். இங்கே பிளாஸ்டிக் சக்கரங்கள் இருப்பதால் பெட்ரோலும் தின்னரும் ஆகாது. ஆல்கஹாலில் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லாகத் துடைத்தேன்.

மோட்டாரின் நடுவில் காமுடேட்டர் இருக்கும், கார்பன் பிரஷ் உரசுகிற செம்பு வளையம். அது துண்டு துண்டாகப் பிரிந்திருக்கும். துண்டுகளுக்கு நடுவில் தலைமுடி அளவு இடுக்கு. கரியும் எண்ணெயும் அதில் அடைந்தால் ஒரு துண்டின் கரண்ட் அடுத்ததுக்குத் தாவும். மோட்டார் சூடாகும், சுற்றாது. பல்குச்சியைச் சீவி உளி மாதிரி ஆக்கி, இடுக்கை ஒவ்வொன்றாக வழித்தெடுக்கச் சொன்னார் மாமா. ஊசியால் செய்யக் கூடாது, செம்பு கீறிவிடும்.

பிறகு எண்ணெய். நான் சிரிஞ்சில் ஒரு சொட்டு எடுத்தேன். “அது அஞ்சு இன்ஜினுக்குக் காணும்” என்றார். வாட்ச் எண்ணெய் வைக்கிற ஊசியைக் கொண்டுவந்திருந்தார், நுனி தட்டையானது. எண்ணெயில் தொட்டு, அச்சின் முனையில் பட்டும் படாமல் காட்டச் சொன்னார்.

“எண்ணெய ஊத்தக் கூடாதுட்டி. காட்டணும்.”

கூடுதல் எண்ணெய் ஓடிப்போய்க் காமுடேட்டரில் விழும், சக்கரத்தில் வழிந்து தண்டவாளத்தை நாசமாக்கும். காட்டிய எண்ணெய் மட்டும் அச்சிலேயே நிற்கும்.

பின்னால் தள்ளுகிற இன்ஜின் அன்றைக்கே சுற்றிவிட்டது. சுற்றியபோது வந்த சத்தத்துக்கு மாமா காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “நல்லாருக்கு” என்றார். முன் இன்ஜினின் சுருள் அறுந்திருந்தது. அதற்குப் புது மோட்டார்தான் போட வேண்டியிருந்தது. அந்த மோட்டார் பின்னால் கொடுத்த வேலை தனிக் கதை, அதற்கு வருகிறேன்.

மலையைத் தின்ற பூச்சி

கோழி வலையை வளைத்துக் கட்டி, அதன்மேல் நியூஸ் பேப்பர் கிழித்து மைதாப் பசையில் ஒட்டி, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி எழுப்பிய மலை அது. பாதி மலை கல் மாதிரி இருந்தது. மறுபாதியைத் தட்டினால் மேலே ஓடு மட்டும். உள்ளே பேப்பரே இல்லை. மைதாப் பசைக்கு ராமபாணப் பூச்சி வராமல் இருக்குமா? ஆனால் ஒரே ஆள் செய்த மலையில் ஒரு பாதி மட்டும் எப்படித் தப்பியது?

மாமாவுக்கு நினைவிருந்தது. நோட்டுப் புத்தகம் பைண்டு பண்ணுகிறவர்கள் பசை காய்ச்சும்போது மயில்துத்தம் போடுவார்கள், பூச்சி அண்டாது. பக்கத்துக் கடை பைண்டரிடம் கேட்டு அவரும் போட்டிருக்கிறார். நடுவில் துத்தம் தீர்ந்துபோன ஒரு வாரம், போடாமலே ஒட்டியிருக்கிறார். நாற்பது வருஷத்துக்கு முந்தைய அந்த ஒரு வாரத்தைப் பூச்சி சரியாகக் கண்டுபிடித்துத் தின்றிருக்கிறது.

ஓட்டை உடைக்கவில்லை. பலகைக்குக் கீழே துளை போட்டு, துத்தம் கலந்த பசையில் துணித்துண்டை நனைத்து உள்பக்கமிருந்து ஒட்டிக்கொண்டே வந்தேன். இரண்டு மாதம் ஆனது. மேலே மாமா அடித்த பச்சையும் செம்மண் நிறமும் அப்படியே இருக்கின்றன.

தண்டவாளத்துக்கு நடுவில் போட்டிருந்த ஜல்லி, சிற்றாற்று மணல். டீ வடிகட்டியில் சலித்தது. ஆற்று மணலில் கருமணல் இருக்கும், அதில் இரும்பு. ஒரு துணுக்கு கிளம்பினாலும் மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும், இன்ஜின் போச்சு. மாமா மணலைத் தட்டில் பரப்பி, ஸ்பீக்கர் காந்தத்தை மேலே ஓட்டி ஓட்டிக் கருமணலைப் பிரித்த பிறகுதான் போட்டிருக்கிறார். வளைந்த தண்டவாளத்தை எடுக்க, ஃபெவிகால் ஒட்டை வெந்நீரில் இளக்கி மணலைச் சுரண்டினேன். சுரண்டியதைக் கழுவிக் காயவைத்து, அதே இடத்தில் அதே மணலைத் திரும்பப் போட்டேன்.

ஒன்பதாம் கண்

பாலத்தின் பதிமூணு கண்ணில் ஒன்பதாவது உடைந்திருந்தது. பரணில் யாரோ ஒரு டிரங்குப் பெட்டியைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பாலத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்து, காய்கிற பதத்தில் வாட்ச் ஸ்குரூடிரைவரால் கருங்கல் கட்டுமானம் மாதிரி கோடு கீறியிருக்கிறார். ஐகிளாஸ் வைத்துப் பார்த்தால் எந்த இரண்டு கல்லும் ஒரே அளவில்லை. தூண் ஒவ்வொன்றிலும் கீழ்க்கல் பெரிசு, மேலே போகப் போகச் சிறிசு. வளைவின் உச்சியில் ஆப்பு மாதிரி ஒரு கல். தண்ணீர் ஒழுகிக் கறுத்த இடம்கூட இருக்கிறது. அதற்காக நிஜப் பாலத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலில் வரைந்துகொண்டு வந்தாராம், எட்டு ஞாயிற்றுக்கிழமை.

உடைந்த துண்டுகள் 17 கிடைத்தன. எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் பரப்பி, கோடு எங்கே எதோடு சேர்கிறது என்று பார்த்துப் பார்த்து ஒட்டினேன். இரண்டு இடத்தில் துண்டு கிடைக்கவில்லை. அங்கே புதுப் பிளாஸ்டர் நிரப்பினேன். நிறம் கொடுக்கலாமா என்றேன். மாமா மறுத்துத் தலையாட்டினார். “கல்லுக் கோடு கீறு, கலர் வேண்டாம். புதுசு புதுசாவே தெரியட்டும்.” ஒன்பதாம் கண்ணில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு இரண்டு வெள்ளைத் தழும்பு இப்போதும் தெரியும். அகலப்பாதைக்காக நிஜப் பாலத்தையும் வலுப்படுத்தித்தான் விட்டிருக்கிறார்கள். தழும்பு இல்லாமல் நூறு வருஷம் எந்தப் பாலமும் நிற்பதில்லை.

இந்த வேலையின்போது மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்றும் படித்தேன். இங்கிலாந்தில் ஜான் ஆஹர்ன் கட்டிய மேடர் வேலி என்ற பாதை, அவர் இறந்த பிறகு பென்டன் மியூசியத்துக்குப் போய், இன்றைக்கும் அவர் செய்தபடியே காக்கப்படுகிறது. அமெரிக்காவில் ஜான் ஆலன் வாழ்நாள் முழுக்கக் கட்டிய புகழ்பெற்ற பாதையோ, 1973 ஜனவரியில் அவர் இறந்த சில நாட்களிலேயே தீயில் போய்விட்டது. கட்டியவரோடு போய்விடுகிற பாதைகள்தான் அதிகம். எங்களுக்குக் கட்டியவரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிற வாய்ப்பு கிடைத்தது.

இழுப்பதும் தள்ளுவதும்

கடைசி வேலை, இரண்டு இன்ஜினையும் சேர்த்து மலையேற்றுவது. முதலில் ஏறவே இல்லை. பாதி வழியில் சக்கரம் வழுக்கியது. ரசமட்டம் வைத்துப் பார்த்தால், மாமா 33-க்கு 1 என்று வைத்த ஏற்றம், பலகை வளைந்ததால் ஓரிடத்தில் 19-க்கு 1 ஆகியிருந்தது. பலகைக்கு அடியில் ரீப்பர் கொடுத்து, ஆப்பு வைத்து மெல்ல மெல்ல நிமிர்த்தினோம். இன்ஜின் சக்கரத்தில் பிடிமானத்துக்குப் போட்டிருக்கும் ரப்பர் வளையமும் கல்லாகியிருந்தது, மாற்றினோம்.

பிறகு ஏறியது, ஆனால் பாலத்துக்கு முந்தைய வளைவில் பெட்டிகள் உள்பக்கம் சாய்ந்து விழுந்தன. திரும்பத் திரும்ப அதே இடம். காரணம் முன் இன்ஜினின் புது மோட்டார். 6 வோல்ட்டில் அது ஒரு மீட்டரை 8 விநாடியில் கடந்தது. பின் இன்ஜினின் பழைய மோட்டாருக்கு 11 விநாடி. முன்னது இழுக்க, பின்னது வராமல் அடம்பிடிக்க, நடுவில் தகரப் பெட்டிகள் நூல் மாதிரி விறைத்து வளைவின் உள்ளே சரிந்தன.

இதற்கு டிசிசி என்று ஒரு டிஜிட்டல் முறை இருக்கிறது. இன்ஜினுக்கு ஒரு சிப் வைத்தால் தனித்தனியாக வேகம் சொல்லலாம். அதற்கு மாமாவின் பித்தளை உடம்பை உள்ளே குடைய வேண்டும். வேண்டாம் என்று முடிவெடுத்தேன். லேபில் பிள்ளைகளுக்கு முதல் செமஸ்டரில் சொல்லித் தருகிற விஷயமே போதுமாக இருந்தது. ஒரு சிலிக்கான் டயோடு தன் வழியே போகிற கரண்டில் சுமார் 0.7 வோல்ட் பிடித்துக்கொள்ளும். எதிரெதிராக இரண்டைச் சேர்த்தால் முன்னோக்கி ஓடினாலும் பின்னோக்கி ஓடினாலும் அதே 0.7 குறையும். அப்படி மூன்று ஜோடியை முன் இன்ஜினின் டெண்டருக்குள், நிலக்கரிக்கு அடியில் வைத்தேன். முன்னது 10.6 விநாடிக்கு வந்தது. இழுக்கிறது ஒரு துளி முந்தி இருக்க வேண்டும், தள்ளுகிறது அதை ஒட்டி வர வேண்டும். நிஜ மலையிலும் டிரைவர்கள் விசில் கொடுத்து அப்படித்தான் ஒத்துப்போவார்கள் என்று மாமா சொன்னார்.

போன பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டினோம். கொம்புக் குமிழியை மாமா பிடித்துக்கொண்டார். நடுங்குகிற கையால் 4-க்குக் கொண்டுவந்தார். தென்மலையிலிருந்து கிளம்பிய ரயில் வளைவு திரும்பி, பாலத்தில் ஏறி, ஒன்பதாம் கண்ணின் தழும்பைக் கடந்து, ஆரியங்காவு பிளாட்பாரத்தில் நின்றது. அத்தை நேரம் பார்த்தாள்: 48 விநாடி. மாமா ஒன்றும் பேசவில்லை. குமிழியை 0-வுக்குத் திருப்பிவிட்டு, “இன்னொரு வாட்டி” என்றார். அன்றைக்கு 22 வாட்டி ஓடியது.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது இருக்கலாம். ரயில் என்றில்லை, ரேடியோ, புரொஜெக்டர், கிராமபோன், தாத்தா செய்த ஏதோ ஒன்று. கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். இறக்குங்கள், ஆனால் பிளக்கைச் சொருகாதீர்கள். துடைப்பதற்கு முன்னால் போட்டோ எடுங்கள். கரண்ட் போகிற எதையும் நம்பாதீர்கள், தயங்காமல் மாற்றுங்கள். கை செய்த எதையும் புதுப்பிக்காதீர்கள், தாங்கிப் பிடியுங்கள். கழற்றியதைத் தேதி போட்டு எடுத்து வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, செய்தவர் இருக்கும்போதே இறக்குங்கள். துத்தம் தீர்ந்துபோன அந்த வாரம் மாமாவுக்கு மட்டும்தான் தெரியும். நான் கேட்டேன், சொன்னார். இன்னும் ஐந்து வருஷம் பரணில் விட்டிருந்தால் யாரிடம் போய்க் கேட்டிருப்பேன்?